பக்கத்தின் ஒரு பகுதி மாறும்போது தமிழுக்கு நேர்வது

பள்ளி நூலகப் பட்டியல் ஒன்றை இணையத்தில் அமைத்திருப்பதாகக் கொள்வோம். மாணவர் ஒருவர் தேடற்பெட்டியில் 'கிள்ளான்' எனத் தட்டச்சு செய்கிறார். முன்னாளில் பொத்தானை அழுத்தியதும் திரை வெளுத்து, தலைப்பும் படங்களும் உட்பட முழுப் பக்கமும் வழங்கியிலிருந்து மீண்டும் இறங்கும். மாறியதோ பத்து வரிகளே. இவ்வீண்சுமையைத் தவிர்ப்பது அஜாக்ஸ் முறை. உலாவி பின்னணியில் சிறு வேண்டுகோளை அனுப்பி, விடையாக வரும் துண்டை மட்டும் உரிய இடத்தில் பொருத்துகிறது. இதற்கான கருவி 1999இலேயே மைக்ரோசாஃப்ட் உலாவியின் ஐந்தாம் பதிப்பில் இருந்தது. ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் இப்பெயரைச் சூட்டியது 2005 பிப்ரவரியில்.

ஜாவா மொழியில் அமையும் தளங்களுக்கு இவ்வேலையை ஆயத்தச் சட்டகங்களே செய்து தருகின்றன. 2009இல் வந்த ஜாவாசர்வர் ஃபேசஸ் 2.0இல், பெட்டிக்குள் ஒரு குறிச்சொல்லைச் சேர்த்து இரண்டு செய்திகளைச் சொன்னால் போதும்: எதனை வழங்கிக்கு அனுப்புவது, விடை வந்ததும் எதனைப் புதிதாக வரைவது.

இரண்டாவதில் கவனம் வேண்டும். அஞ்சல் விசைமுகத்தில் முதல் விசைக்கு 'க்' தோன்றும். அடுத்த விசை அதனைக் 'கி' ஆக்கும். ஒவ்வொரு விசைக்கும் தேடல் நிகழுமாறு அமைத்து, முடிவுகளோடு தேடற்பெட்டியையும் மறுபடி வரையச் சொன்னால், இடையில் தொடர்பறுந்து 'க்இ' என நின்றுவிடக்கூடும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவர் கண்ணில் இப்பிழை படாது. முடிவுப் பகுதியை மட்டுமே வரையச் சொல்ல வேண்டும்.

இதனினும் பெரிய இடர் குறியாக்கத்தில் உள்ளது. முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு அஞ்சலையும், 2001 ஆகஸ்டில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையும் கண்ட கோலாலம்பூருக்குக் குறியாக்கச் சிக்கல் புதிதன்று. அக்காலத் தமிழ் எழுத்துருக்கள் 256 இடங்களுக்குள் அடங்கின. ஜாவா வழங்கிகள் இயல்பாகக் கொண்டிருந்த ஐஎஸ்ஓ 8859-1 குறியாக்கமும் அதே அளவினதாகையால், தமிழ் பெரும்பாலும் சேதமின்றிக் கடந்தது. யூனிக்கோட்டில் தமிழின் இடம் 2944 முதல் 3071 வரை. பழைய குறியாக்கத்துக்கு அது எட்டாது.

விளைவு வியப்புக்குரியது. முழுப் பக்கம் யூடிஎஃப்-8 என அறிவிக்கப்பட்டிருப்பதால் தமிழ் சரியாகத் தெரியும். துண்டை அனுப்ப நாம் தனியே எழுதிய சர்வ்லெட்டில் அவ்வறிவிப்பு விடுபட்டால், 'கிள்ளான்' இருக்க வேண்டிய இடத்தில் எட்டுக் கேள்விக்குறிகள் வந்து நிற்கும்; அச்சொல் எட்டுக் குறியீடுகளால் ஆனது. எதிர்த்திசையில் நேரும் பிழை இன்னும் கொடிது. யூடிஎஃப்-8இல் இருபத்து நான்கு பைட்டுகளாகச் செல்லும் அச்சொல்லை வழங்கி இருபத்து நான்கு இலத்தீன் எழுத்துகளாகப் படித்துவிட்டு, 'நூல் இல்லை' என அமைதியாக விடையளிக்கும். மாணவர் அதனை நம்பிப் போய்விடுவார். நூலோ அலமாரியில் இருக்கும். முகவரியில் வரும் சொற்களை டொம்கேட் வழங்கி ஏழாம் பதிப்புவரை இவ்வாறே படித்தது. எட்டாம் பதிப்பிலிருந்து யூடிஎஃப்-8 இயல்பாயிற்று.

படிவத்தின் வழி வரும் சொற்களுக்கு நாமே குறியாக்கத்தை அறிவிக்க வேண்டும். அதுவும் முதற்சொல்லைப் படிக்கும் முன்னர். பின்னர் அறிவித்தால் பயனில்லை. விடையிலும் அப்படியே, எழுதுகருவியைப் பெறுவதற்கு முன்னர். சோதனைக்குக் 'கிள்ளான்', 'பிரிக்பீல்ட்ஸ்' என்னும் இரு பெயர்களையும் தட்டச்சு செய்து பார்க்கலாம். இரண்டாவது பதினான்கு கேள்விக்குறிகளாக வந்தால், விடுபட்டது விடையின் அறிவிப்பு.