மெழுகு மூடிக்குள் மோப்பம்

இருட்டு, கதகதப்பு, நெரிசல், கைக்கெட்டும் தூரத்தில் தேனும் மகரந்தமும். கிருமிக்கு இதைவிட வசதியான இடம் அமையாது. இத்தாலியத் தேனீயின் ஒரு பெட்டியில் 40,000, 50,000 தேனீக்கள் உரசிக்கொண்டு, வாயோடு வாய் வைத்து உணவு பரிமாறி வாழ்கின்றன. இத்தனைக்கும் 2006-ல் அதன் மரபணுத் தொகுப்பு வெளியானபோது, நோய் எதிர்ப்பு மரபணுக்கள் பழ ஈக்கும் கொசுவுக்கும் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் என்று தெரிந்தது.

பிறகு எப்படித் தப்பிக்கின்றன? கூட்டாக வேலை பார்த்துத்தான்.

அமெரிக்கன் ஃபவுல்புரூட் என்ற பாக்டீரியா நோய், தேனடையின் அறைக்குள் இருக்கும் புழுவைக் கூழாக்கிவிடும். சில கூட்டங்கள் மட்டும் இதற்கு அசைந்து கொடுப்பதில்லை. வேலைக்காரத் தேனீ மூடிய அறைக்குள் நோயை மோப்பம் பிடித்து, மெழுகு மூடியைக் கடித்துத் திறந்து, புழுவை இழுத்து வெளியே போட்டுவிடுகிறது. பாவ புண்ணியம் பார்ப்பதில்லை. அமெரிக்க ஆய்வாளர் வால்டர் ரோதன்புலர் இந்தத் தேனீக்களைச் சுத்தம் பார்க்காத இனத்தோடு கலந்து பார்த்து, 1964-ல் முடிவை வெளியிட்டார். வேடிக்கையான முடிவு அது. சில கூட்டங்கள் மூடியைத் திறந்துவிட்டுப் புழுவை அப்படியே விட்டன. வேறு சில, அவரே மூடியை நீக்கிக் கொடுத்த பிறகு புழுவை அகற்றின. ஆக, சுத்தம் பரம்பரையாக வருகிற குணம். அதிலும் மூடி திறப்பது வேறு, புழுவை அகற்றுவது வேறு. இதில் பல மரபணுக்களுக்குப் பங்கு உண்டு என்பது பிற்பாடு தெரியவந்தது.

காய்ச்சலும் உண்டு. சுண்ணாம்புப் புழு நோயை உண்டாக்கும் பூஞ்சைக்கு வெப்பம் ஆகாது. அது உள்ளே வந்ததும், புழுக்கள் சாவதற்கு முன்பே, தேனீக்கள் கூட்டின் வெப்பத்தைக் கூட்டிவிடுவதை 2000-ல் வெளியான ஆய்வு காட்டியது.

மரங்களிலிருந்து கொண்டுவரும் பிசினைக் கூட்டின் உட்சுவரில் பூசுவது இன்னொரு காப்பு. புரோபோலிஸ் எனப்படும் இது கிருமிகளை ஒடுக்கும். ஆனால் கையில் ஒட்டுகிறது, பெட்டிக்குள் அடைச் சட்டங்கள் பிரிய மறுக்கின்றன என்று வளர்ப்பவர்கள் அதைச் சுரண்டி எறிந்தார்கள். பிசின் குறைவாகச் சேர்க்கும் தேனீயாகப் பார்த்துப் பெருக்கினார்கள். தேனீயின் மருந்தை மனிதன் தன் சௌகரியத்துக்காகக் குறைத்ததுதான் இது.

நம்மூர் அடுக்குத் தேனீ பிசின் சேர்ப்பதில்லை. அது 1990-களின் தொடக்கத்தில் தாய் (Thai) சாக்புரூட் வைரஸிடம் சிக்கியபோது, தென்னிந்தியாவில் பெரும்பாலான பெட்டிகள் காலியாயின. மருந்து எதுவும் கிடையாது. தாக்குப்பிடித்த கூட்டங்களிலிருந்து பெருக்கித்தான் தேனீ வளர்ப்பு மறுபடி எழுந்தது.

எனவே புதுப் பெட்டிக்காகக் கூட்டம் பிரிப்பவர்கள் தேனின் எடையை மட்டும் பார்க்க வேண்டாம். மூடிய அறைகள் சிலவற்றில், உள்ளிருக்கும் புழு சாகும்படி மெல்லிய ஊசியால் குத்திவிட்டு, மறுநாள் திறந்து பாருங்கள். எந்தக் கூட்டம் செத்த புழுக்களை அதற்குள் அகற்றியிருக்கிறதோ, அதிலிருந்து பிரியுங்கள்.