சப்பாத்து தாங்காது, கால்தான் தாங்கும்

“சித்தி, எனக்கும் அந்த ரோஸ் சப்பாத்து வேணும்!”

அக்கா மகளுக்கு வயது ஒன்பது. மூன்று ஆண்டுகளாகப் பாலே வகுப்புக்குப் போகிறாள். எஸ்பிளனேட் அரங்கில் ஒரு நிகழ்ச்சி பார்த்து வந்த இரவிலிருந்து தினமும் இதே பாட்டு. பிறந்தநாளுக்கு வாங்கித் தரலாமே என்று அவளுடைய ஆசிரியையிடம் கேட்கப் போனேன். பல ஆண்டுகள் தொழில்முறையாக ஆடியவர் அவர். பதில் சொல்லாமல், தாம் அணிந்து தேய்ந்த ஒரு ஜோடியை என் கையில் வைத்தார்.

வெளியே பளபளக்கும் சாட்டின். நுனியில் மரக்கட்டை இருக்கும் என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். இல்லை. துணியையும் காகிதத்தையும் அடுக்கடுக்காகப் பசை தடவி ஒட்டிய கெட்டியான கூடு ஒன்று விரல்களைச் சூழ்ந்திருக்கிறது. பாதத்தின் அடியில் விறைப்பான ஒரு பட்டை. அவ்வளவுதான். சூடும் வியர்வையும் பட்டால் கூடு இளகிவிடும். முழுநீள நாட்டிய நாடகத்தில் முதன்மை வேடம் ஏற்பவர் ஒரே இரவில் ஒரு ஜோடியைத் தேய்த்துவிடுவதுண்டு.

புதிய சப்பாத்தை அப்படியே போட்டுக்கொண்டு ஆடவும் முடியாது. அடிப்பட்டையை வளைத்துப் பழக்க வேண்டும். மேடையில் ‘டக் டக்’ என்று கேட்காமலிருக்க நுனியைத் தரையில் தட்டுவார்கள். வழுக்காமலிருக்க அங்கே தடித்த நூலால் தையல் போடுவார்கள். ரிப்பனையும் எலாஸ்டிக்கையும் ஆடுபவரே தைத்துக்கொள்வார். பிறகு ரோசின் பொடியை மிதித்துக்கொண்டு மேடையேறுவார். வயலின் வில்லில் தேய்க்கிறார்களே, அதே ரோசின்தான். நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. இளஞ்சிவப்பு பொருந்தாததால் ஒப்பனைப் பூச்சைத் தடவி நிறத்தை மாற்ற வேண்டும். லண்டனின் ஃபிரீட் நிறுவனம், ‘பாலே பிளாக்’ குழுவுடன் சேர்ந்து பழுப்பு நிறச் சப்பாத்துகளைக் கொண்டுவந்ததே 2018இல்தான்.

இவ்வளவு செய்தாலும் ஆடுபவரை நிறுத்தி வைப்பது சப்பாத்து அல்ல. ‘ஸ்வான் லேக்’ நாடகத்தில் ஒற்றைக் காலில் 32 முறை சுழலும் கட்டம் இருக்கிறது. 1895இல் பியரினா லென்யானி அதை ஆடிக்காட்டினார்; இன்றும் நாயகியரிடம் ரசிகர்கள் எதிர்பார்ப்பது அதைத்தான். அதற்காகத் தேர்ந்த கலைஞர்கள்கூட ஒவ்வொரு நாளும் சுவரோரக் கம்பைப் பிடித்து, முழங்கால் மடக்கும் பயிற்சியிலிருந்து தொடங்குகிறார்கள். அதன் பிறகு மணிக்கணக்கில் ஒத்திகை. ஒலிவாங்கி முன் உட்கார்ந்தே பிழைக்கும் எனக்குக் கேட்கும்போதே கால் வலித்தது.

“விரல்நுனியில் நின்றால் உடம்பின் எடை முழுவதும் ஒரு சிறு பரப்பில் இறங்கும். வளரும் எலும்பை அவசரப்படுத்தக்கூடாது,” என்றார் ஆசிரியை. பொதுவாக 11, 12 வயதுக்கு முன் இந்தச் சப்பாத்தை அணிய விடுவதில்லை. வயது வந்தாலும் போதாது; கணுக்காலிலும் இடுப்பிலும் பலம் இருக்கிறதா என்று பார்த்தே அனுமதிப்பார்கள். வாங்கும்போது கடையில் காலை அளந்து, போட்டுப் பார்த்தே வாங்க வேண்டும். ‘அடுத்த வருஷத்துக்கும் ஆகும்’ என்று ஓரளவு பெரிதாக வாங்கும் நம் வீட்டுப் பழக்கம் இங்கே ஆபத்து.

அந்தப் பழைய ஜோடியை இரவல் வாங்கி வந்து மகளிடம் கொடுத்தேன். உள்ளே கையை விட்டுத் துழாவினாள்.

“என்ன சித்தி, உள்ளே ஒன்னுமே இல்லையே!”

“ஆமாம்மா. மிச்சமெல்லாம் உன் கால்தான்.”

இப்போதெல்லாம் காலையில் ஒற்றைக் காலில் நின்றபடிதான் பல் துலக்குகிறாள்.