சியா விதை: ஊற வைத்த பிறகே வாய்க்குப் போகட்டும்

சிம்பாங் பூலாய் – முன்பு பெரிய கடைகளில் மட்டுமே கிடைத்த சியா விதை, இன்று ஈப்போ வட்டாரத்தின் சாதாரண மளிகைக் கடைகளுக்கும் வந்துவிட்டது. அதோடு, தினமும் ஒரு கரண்டி சாப்பிட்டால் இனிப்பு நீர் குறையும், உடல் மெலியும் என்ற தகவல்களும் புலனக் குழுக்களில் சுற்றுகின்றன. விதை நல்லதுதான். ஆனால் அதை எப்படிச் சாப்பிடுவது, அதனிடம் எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சியா மெக்சிகோ, குவாத்தமாலா பகுதியைச் சேர்ந்த செடி. நம் துளசியின் குடும்பம்தான். பண்டான் சர்பத்திலும் ஃபலூடாவிலும் மிதக்கும் சப்ஜா விதை வேறு. அது திருநீற்றுப்பச்சையின் விதை. மலாயில் ‘செலாசே’ என்பார்கள். சப்ஜா ஒரே கறுப்பாக இருக்கும், தண்ணீரில் போட்ட சில நிமிடங்களில் உப்பிவிடும். சியாவில் சாம்பல், வெள்ளை, பழுப்பு எல்லாம் கலந்திருக்கும், ஊற அதிக நேரம் எடுக்கும்.

உலர்ந்த விதை ஏன் ஆபத்து?

சியா விதை தன் எடையைப் போல் சுமார் பத்து மடங்கு தண்ணீரை இழுத்து, கூழாக மாறும். இந்த வேலை கிண்ணத்தில் நடக்க வேண்டும், தொண்டையில் நடக்கக் கூடாது. 2014ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நடந்த இரைப்பை, குடல் மருத்துவர்கள் மாநாட்டில் ஒரு சம்பவம் விளக்கப்பட்டது. 39 வயது ஆடவர் ஒருவர் ஒரு மேசைக்கரண்டி உலர்ந்த சியா விதையை விழுங்கி, உடனே ஒரு குவளை தண்ணீர் குடித்தார். விதைகள் உணவுக்குழாயில் உப்பி அடைத்துக்கொண்டன. மருத்துவர்கள் குழாய்க் கருவி செலுத்தித்தான் அடைப்பை நீக்கினர்.

பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுபவர்களும் முதியவர்களும் உள்ள வீடுகளில் கூடுதல் கவனம் வேண்டும். அவர்களுக்கு ஊறிய விதையைக் கொடுப்பதற்கு முன்பும் மருத்துவரைக் கேட்பது நல்லது.

எப்படி ஊற வைப்பது?

ஒரு மேசைக்கரண்டி விதைக்கு முக்கால் முதல் ஒரு குவளை தண்ணீர். போட்டவுடன் நன்றாகக் கலக்கி, ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் கலக்க வேண்டும். இல்லாவிட்டால் அடியில் கட்டி பிடிக்கும். குறைந்தது அரை மணி நேரம் ஊறட்டும். இரவே ஊற வைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் காலை வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் கைகொடுக்கும். மூடி வைத்தால் மூன்று நாள் வரை தாங்கும்.

நம் சாப்பாட்டில் எங்கே சேர்ப்பது?

சியாவுக்குத் தனிச் சுவை இல்லை. அதனால் நம் வீட்டுச் சமையலில் சுலபமாகக் கலந்துவிடும்.

மோர்: ஊறிய சியா இரண்டு கரண்டி, கொஞ்சம் இஞ்சி, கறிவேப்பிலை, உப்பு.

கேழ்வரகுக் கஞ்சி அல்லது ஓட்ஸ்: அடுப்பிலிருந்து இறக்கிய பின் கலக்கவும்.

தோசை: ஊற்றுவதற்கு அரை மணி நேரத்துக்கு முன் ஒரு பெரிய கிண்ணம் மாவில் ஒரு மேசைக்கரண்டி விதை. மாவு கெட்டியானால் தண்ணீர் சேர்க்கவும்.

சப்பாத்தி: விதையை மிக்ஸியில் பொடித்து, இரண்டு குவளை கோதுமை மாவுக்கு ஒரு மேசைக்கரண்டி கலந்து பிசையலாம்.

சீனிப் பாகு, கெட்டிப்பால் ஊற்றிய பானத்தில் சியாவைப் போட்டுக் குடித்தால், உடம்புக்குப் போவது சீனிதான்.

முதல் வாரம் ஒரு தேக்கரண்டி போதும். ஒரேயடியாக அதிகம் சாப்பிட்டால் வயிறு உப்பும். தண்ணீர் குறைவாகக் குடித்தால் மலச்சிக்கலும் வரும். பழகிய பிறகு நாளுக்கு ஒரு மேசைக்கரண்டி, அதிகம் போனால் இரண்டு.

மருந்துக்கு மாற்று இல்லை

ஒரு மேசைக்கரண்டி சியாவில் சுமார் 4 கிராம் நார்ச்சத்தும் 60 கலோரியும் உள்ளன. நமக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் நார்ச்சத்து தேவை. ஆக, சியா ஒரு துணைதான். இரத்தச் சர்க்கரையை அது எவ்வளவு குறைக்கும் என்று பார்த்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை; அவற்றின் முடிவுகளும் ஒன்றுபோல இல்லை.

2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. ஏறக்குறைய ஆறில் ஒருவர். தோட்டத்தில் விடியற்காலையில் பிரட்டுக்கு எழுந்து, மேடும் பள்ளமும் நடந்து பால் மரம் வெட்டிய காலத்துச் சோற்றுத் தட்டு இன்னும் பல வீடுகளில் மாறவில்லை. அந்த நடை மட்டும் நின்றுவிட்டது. தட்டைத் திருத்தாமல் மேலே ஒரு கரண்டி விதையைத் தூவினால் போதாது. கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, மீதிப் பாதி காய்கறியும் பழமும் என்பதே சுகாதார அமைச்சு சொல்லும் அளவு.

கிளினிக்கில் கொடுத்த மருந்தைச் சொந்தமாக நிறுத்தக் கூடாது. நீரிழிவு, இரத்த அழுத்தம், இரத்தம் உறையாமல் இருப்பதற்கான மருந்து சாப்பிடுபவர்களும் சிறுநீரக நோயாளிகளும் சியாவைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

விலை கட்டுப்படியாகவில்லையா? கவலை வேண்டாம். அரைக் குவளை அவித்த பச்சைப்பயறில் சுமார் 7 கிராம் நார்ச்சத்து உண்டு. நம் பேராக்கின் பீடோர் கொய்யா இருக்கிறது. நூறு கிராம் கொய்யாவில் 5 கிராம். கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக இறங்கும் காய்கறியும் இருக்கிறது. சியா வாங்க முடிந்தவர்கள் ஊற வைத்துச் சாப்பிடட்டும். முடியாதவர்களுக்கு எதுவும் குறைந்துவிடாது.