உங்கள் பெயருக்கும் ஒரு ஓ.பி. சீட்டு

இரவு இரண்டு மணிக்கு வார்டில் ஒரு செவிலியர் என்னென்ன எழுதுகிறார் என்று பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஆறாம் நம்பர் பெட்டுக்கு பி.பி. எவ்வளவு, டிரிப்ஸ் எப்போது மாற்றியது, சிறுநீர் எத்தனை மில்லி போனது, டாக்டருக்கு எத்தனை மணிக்குப் போன் செய்தது, அவர் என்ன சொன்னார். எழுதாததைச் செய்யாததாகத்தான் கணக்கில் கொள்வார்கள் என்று முதல் வருடமே எங்களுக்குச் சொல்லித் தந்துவிடுவார்கள். அதே செவிலியரை ஆறாம் நம்பர் பெட்டுக்காரரின் மைத்துனர் கன்னத்தில் அறைந்தால், அது மட்டும் எந்த நோட்டிலும் ஏறுவதில்லை.

என்னுடையதும் ஏறவில்லை. வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். பூச்சிமருந்து குடித்த பையன் ஒருவன் விடியும் முன் இறந்துபோனான். அவனுடைய சித்தப்பா என் கையிலிருந்த கேஸ் ஷீட் அட்டையைப் பிடுங்கி, அதாலேயே அடித்தார். தடுக்கப் போய் மணிக்கட்டில் விழுந்தது. இன்சார்ஜ் அக்கா ஐஸ் வைத்துக் கட்டிவிட்டபடியே சொன்னார்: "விடுத்தா. பிள்ளை போன வேதனையில அடிச்சிட்டாரு. எழுதுனா உனக்குத்தான் அலைச்சல்." அவர் கெட்டவர் இல்லை. அவரையும் யாரோ அப்படித்தான் கட்டுப்போட்டு அனுப்பியிருப்பார்கள். வீங்கிய கையோடு அந்தப் பையனின் கடைசி நேரக் குறிப்பை நிமிடம் பிசகாமல் எழுதி முடித்தேன். என் கையைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

எங்கள் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் இந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்பது வார்டில் நின்றவர்களுக்குத் தெரியும். ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிப் போன ஜீப் மலையில் கவிழ்ந்தாலும், தோட்டத்தில் பாம்பு கடித்தாலும், சபரிமலை சீசனில் குமுளிச் சாலையில் வண்டி மோதினாலும், பெரிய சிகிச்சை என்றால் கடைசியில் 'கானாவிலக்கு'தான். 2004-ல் தொடங்கிய தேனி அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. கூடலூரிலிருந்து அங்கே வர 50 கிலோமீட்டருக்கு மேல். வழியில் ஓரிரு இடங்களில் "இங்க முடியாது, கொண்டு போங்க" என்ற பதிலைக் கேட்டுவிட்டுத்தான் அந்தக் குடும்பம் வந்து இறங்குகிறது. அனுப்பச் சொன்னது டாக்டர். படுக்கை இல்லாதது நிர்வாகத்தின் பாடு. கண்ணெதிரே நிற்பது மட்டும் செவிலியர். அடி அவர்மேல் விழுகிறது. மருத்துவப் பணியாளர்களில் 8 முதல் 38 சதவீதம் பேர் தங்கள் பணிக்காலத்தில் ஒருமுறையாவது அடி உதையைச் சந்திக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வசவையும் மிரட்டலையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் ஏறும்.

சட்டம் இல்லையென்று யாரும் சொல்லிவிட முடியாது. மருத்துவப் பணியாளர்கள், மருத்துவ நிலையங்கள் மீதான வன்முறையைத் தடுக்க 2008-லேயே தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றிவிட்டது. குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. ஜாமீனில் வர முடியாத குற்றம். வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யலாம். டாக்டருக்கு மட்டும் உரிய சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். செவிலியர், நர்ஸிங் மாணவி, மற்ற மருத்துவ ஊழியர்கள் எல்லோரும் அதற்குள் வருகிறார்கள். தனியார் நர்ஸிங் ஹோமும் வரும். அடித்தால்தான் குற்றம் என்றும் இல்லை. மிரட்டுவதும், வேலை செய்யவிடாமல் மறிப்பதும் அந்தச் சட்டத்தின்படி வன்முறைதான்.

பிறகு ஏன் வழக்குகள் நிற்பதில்லை? என் அனுபவத்தில் முதல் காரணம், அன்றைய இரவில் காகிதம் உருவாகாததுதான். ஆகவே இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

அடிபட்ட செவிலியர் முதலில் நோயாளி. அதே மருத்துவமனையில், அவர் பெயரில் ஓ.பி. சீட்டுப் போட்டு, டியூட்டி டாக்டரிடம் காயத்தைக் காட்டி, விபத்துப் பதிவேட்டில் ஏ.ஆர். போடச் சொல்ல வேண்டும். சாலையில் அடிபட்டு வருகிறவருக்கு நாம் தினமும் செய்வதுதான். இரவு பன்னிரண்டு மணிக்குக் குடித்துவிட்டுச் சண்டையிட்டவருக்குக்கூட ஏ.ஆர். போடுகிறோம், நமக்கு நாமே போட்டுக்கொள்வதில்லை. சிவப்புத் தடிப்பு மட்டும் என்றாலும் போடுங்கள், காலையில் அது மறைந்துவிடும். யார் அடித்தார், கையாலா பொருளாலா, எத்தனை மணிக்கு என்று அதிலேயே ஏறட்டும். அங்கிருந்து போலீசுக்கு இன்டிமேஷன் போகும். பிறகு சொந்தக் கையெழுத்தில் ஒரு புகார்: நேரம், இடம், சொன்ன வார்த்தைகள் அப்படியே, பார்த்தவர்கள் பெயர். வசவைக் 'கெட்ட வார்த்தை' என்று சுருக்காதீர்கள். கூச்சமாக இருந்தாலும் சொன்னபடியே எழுதினால்தான் பிரிவு சரியாக விழும். கேமரா பதிவைத் தனியே எடுத்துவைக்கச் சொல்லி நிர்வாகத்துக்கு அன்றே கடிதம் கொடுங்கள். சில நாட்களில் பழைய பதிவு தானே அழிந்துவிடும்.

காவல் நிலையத்தில், புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிடப் பார்ப்பார்கள். அதை வாங்கிக்கொள்ளுங்கள், அதோடு திரும்பிவிடாதீர்கள். முதல் தகவல் அறிக்கை பதிவானதும் அதன் நகல் உங்களுக்கு இலவசம். சம்பவம் எந்த நிலைய எல்லையில் நடந்தது என்ற தகராறு வந்தால், எந்த நிலையத்திலும் புகாரை வாங்கியே ஆக வேண்டும் என்கிறது புதிய நாகரிக் சுரக்ஷா சட்டத்தின் 173-வது பிரிவு. பதிய மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்.

இந்த அலைச்சலைச் செவிலியர் தலையில் மட்டும் கட்டுவது அநியாயம். 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்ட பின், தாக்குதல் நடந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனத்தின் தலைவரே புகார் பதிய வேண்டும் என்று மத்திய அரசு தன் மருத்துவமனைகளுக்கு உத்தரவிட்டது. நம் ஊர் அரசு மருத்துவமனையும், போடியில் பத்து படுக்கை வைத்திருக்கும் கிளினிக்கும் இதே வழக்கத்தைப் பிடித்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. புகார்தாரராக மருத்துவமனை நின்றால், அடித்தவரின் ஊர்க்காரர்கள் அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் சமாதானம் பேச வந்து நிற்க மாட்டார்கள்.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அருணா ஷான்பாக்கை விடப் பெரிய சாட்சி இல்லை. மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர். 1973 நவம்பர் 27 அன்று, அங்கேயே வேலை பார்த்த ஒரு துப்புரவுப் பணியாளர் நாய்ச் சங்கிலியால் அவர் கழுத்தை இறுக்கிப் பாலியல் வன்முறை செய்தார். மூளைக்கு ரத்தம் போகாமல், 2015 மே 18-ல் இறக்கும்வரை 41 ஆண்டுகளுக்கு மேல் அதே மருத்துவமனையில் படுக்கையில் கிடந்தார். கே.இ.எம். செவிலியர்கள் தலைமுறை தலைமுறையாக அவரைக் குளிப்பாட்டி, உணவூட்டிக் காத்தார்கள். கருணைக்கொலை வழக்கு என்றுதான் நாடு அவரை நினைவில் வைத்திருக்கிறது. எனக்கு மறக்காதது வேறொன்று. குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்தது கொலை முயற்சிக்கும் கொள்ளைக்கும்தான், 7 ஆண்டு. பாலியல் வன்முறை என்ற குற்றச்சாட்டு நீதிமன்றத்துக்குப் போகவே இல்லை.

இன்று பாலியல் தொல்லைக்கு எதிராக 2013-ம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. மருத்துவமனை, நர்ஸிங் ஹோம் என்று பெயர் சொல்லியே பணியிடத்தின் கீழ் வைத்திருக்கிறார்கள். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் உள்ளகக் குழு கட்டாயம். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், வெளியாள் ஒருவரும் வேண்டும். அமைக்காத முதலாளிக்கு ரூ.50,000 வரை அபராதம். அதைவிடச் சிறிய கிளினிக்காக இருந்தாலோ, முதலாளியே தொல்லை கொடுத்தாலோ மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவில் புகார் தரலாம். நடந்து 3 மாதத்துக்குள் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். விசாரணை முடியும்வரை வேறு இடத்துக்கு மாற்றவோ, 3 மாதம் வரை விடுப்புத் தரவோ கேட்கலாம். தொல்லை தந்தது நோயாளியின் உறவினர் என்றாலும் நிர்வாகம் கைகழுவ முடியாது. வெளியாட்களிடமிருந்து பாதுகாப்பதும் முதலாளியின் கடமை என்று 19-வது பிரிவு சொல்கிறது.

இனி, சொல்லக் கூசும் பகுதி. எங்களுக்குள் நாங்கள் செய்வது. பிடிக்காத ஜூனியருக்குத் தொடர்ந்து நைட் போடுவது, நோயாளிகள் முன்னால் கத்துவது, கேட்ட நாளில் ஆஃப் தராமல் இழுத்தடிப்பது, பேசக்கூடாது என்று மற்றவர்களிடம் சொல்லிவைப்பது, வாட்ஸ்ஆப் குழுவில் அவமானப்படுத்துவது. நானும் கத்தியிருக்கிறேன். என்னைக் கத்தி வளர்த்தார்கள், அதுதான் பயிற்சி என்று நம்பினேன். வெய்ன் பிடிக்கத் திணறிய ஒரு பெண்ணை வார்டே பார்க்கத் திட்டியபோது அவள் கை இன்னும் நடுங்கியதே ஒழிய ஊசி ஏறவில்லை. அந்த நடுக்கத்தில் மருந்தளவு தவறினால் பலி நோயாளி.

இத்தகைய தொல்லைக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. 2019-ல் வந்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190-வது உடன்படிக்கை இதையும் வன்முறையென்றே சேர்க்கிறது. இந்தியா அதற்கு ஒப்புதல் தரவில்லை. ஆனால் கை கட்டப்பட்டும் இல்லை. பலர் அறியச் சாதி சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். நர்ஸிங் மாணவியை வதைத்தால் 1997-ம் ஆண்டின் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம். மற்றவற்றுக்கு வழி, இன்சார்ஜில் தொடங்கி நர்ஸிங் சூப்பரின்டெண்டன்ட், ஆர்.எம்.ஓ., டீன் என்று எழுத்தில் போவது. வாயால் சொன்ன புகாருக்கு முகவரி கிடையாது. டியூட்டி ரோஸ்டரை மாதாமாதம் போட்டோ எடுத்து வைத்தாலே, யாருக்கு எத்தனை நைட் என்று அது தானே பேசும். சான்றிதழைப் பூட்டி வைத்துக்கொண்டு மிரட்டும் தனியார் நிர்வாகத்துக்கும் பதில் உண்டு. கல்விச் சான்றிதழ் அடமானம் பிடிக்கும் சரக்கல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

புகாருக்குப் பயப்படுகிறவர்களைக் கோழை என்று நான் சொல்லவே மாட்டேன். 2015-ல் தேர்வெழுதி மாதம் ரூ.7,700 தொகுப்பூதியத்தில் அரசுப் பணிக்கு வந்த ஒப்பந்தச் செவிலியர்கள், நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார வேண்டியிருந்தது. நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாதவர் மேலதிகாரி மேல் எப்படி எழுதுவார்? அதனால்தான் தனியாகப் போகாதீர்கள் என்கிறேன். சங்கம் இருந்தால் சங்கத்தோடு போங்கள். இல்லாவிட்டால் 15100-ஐ அழையுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வழக்கறிஞர் தர சட்டம் இருக்கிறது. தேனி லட்சுமிபுரம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் நேரிலும் கேட்கலாம். 181 மகளிர் உதவி எண் இரவிலும் எடுக்கும்.

நோயாளியோடு வருகிறவர்களுக்கும் ஒன்று. தாமதம், அலட்சியம் என்று நினைத்தால் 104-க்குச் சொல்லுங்கள், திங்கட்கிழமை கலெக்டரிடம் மனுக் கொடுங்கள், நுகர்வோர் ஆணையம் போங்கள். அது உங்கள் உரிமை, யாரும் மறுக்கவில்லை. மரணச் செய்தியை வராந்தாவில் நின்றபடி செவிலியரைச் சொல்லவைக்காமல், டாக்டர் உட்காரவைத்துச் சொல்லும் வழக்கமும், இரவில் ஒரு நோயாளிக்கு ஒருவர் என்ற பாஸும் வந்தாலே பாதிச் சண்டை குறையும்.

கொஞ்ச நாள் முன்பு விடிகாலையில் எனக்கு ஒரு போன். என்னோடு வேலை பார்த்த பெண், இப்போது வேறொரு மருத்துவமனையில் இருக்கிறாள். அழுதுகொண்டே, "தள்ளிவிட்டாய்ங்கக்கா, ட்ராலில போய் விழுந்தேன்" என்றாள். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். "ரெண்டு பத்து இருக்கும்." "மொதல்ல அத எழுது." கால் மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டு, எழுதியதை வாசித்துக் காட்டினாள். தோள்பட்டைக் காயம், இரண்டு சாட்சிகள், திட்டிய வார்த்தைகள், எல்லாம் இருந்தன.

"கடேசியா என்னக்கா போட?"

"ஏ.ஆர். நம்பர். போய் உம்பேருக்கு ஓ.பி. சீட்டு வாங்குத்தா. நான் லைன்லயே இருக்கேன்."