கிட்டார் வாரில் பூக்கும் காட்டு ரோஜா

டெக்சாஸ் மாநிலத்தின் லப்பக் நகரில் பிறந்த பாடகர் பட்டி ஹாலிக்குத் தோல்வேலையும் கைவந்திருந்தது. 1950களின் நடுவில் தன் கிப்சன் ஜே-45 கிட்டாருக்கு ஒரு தோலுறை செய்து, அதில் தன் பெயரையும் டெக்சாஸ் என்ற ஊர்ப்பெருமையையும் கையாலேயே பொறித்துக்கொண்டார். அந்தக் காலத்தில் எல்விஸ் பிரெஸ்லியிடமும் தோலுறை போட்ட மார்ட்டின் கிட்டார் ஒன்று இருந்தது.

பார்வைக்கு இது அழகுதான். ஆனால் மரக் கிட்டாரின் ஒலி அதன் மெல்லிய மேற்பலகை அதிர்வதால் பிறக்கிறது. அதன்மேல் தோலைப் போர்த்தினால் அதிர்வு அமுங்கும். தோளில் மாட்டும் வாருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது கிட்டாரை இரண்டே இடங்களில்தான் பிடித்திருக்கிறது. எவ்வளவு பூவேலை செய்தாலும் ஒலிக்குக் கேடில்லை.

இந்தப் பூவேலையின் தாய்வீடு குதிரைச் சேணம். ஸ்பெயினிலிருந்து மெக்சிகோ வழியாக அமெரிக்க மேற்குப் பகுதிக்கு வந்த கலை இது. வயோமிங் மாநிலத்தின் ஷெரிடன் நகரில் கடை வைத்திருந்த சேணக் கலைஞர் டான் கிங், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் இதற்குப் புது முகம் கொடுத்தார். சின்னச் சின்னக் காட்டு ரோஜாக்கள். ஒவ்வொன்றையும் வட்டமாகச் சுற்றி வளைக்கும் கொடி. அந்த வட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிப் படரும் நெருக்கம். இன்று உலகெங்கும் ஷெரிடன் பாணி என்று சொல்லப்படுவது இதுதான். 1991இல் அமெரிக்காவின் தேசியப் பாரம்பரியக் கலைஞர் விருது கிங்குக்குக் கிடைத்தது. இரண்டு, மூன்று அங்குல அகலமே உள்ள கிட்டார் வாருக்கென்றே பிறந்தது போன்ற பாணி இது. பெரிய பூவை அந்த அகலத்தில் அடக்க முடியாது. சின்ன வட்டங்களோ தோளின் முன்புறம் தொடங்கி முதுகு வரை தடையில்லாமல் ஓடும்.

எல்லாத் தோலிலும் இது நடக்காது. இன்றைய தோல் செருப்பு, தோல் கைப்பைகளில் பெரும்பகுதி குரோம் உப்பால் பதனிட்ட தோல். அழுத்தினால் அமுங்கும், விட்டால் எழும்பிவிடும். பூவேலைக்கு மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட மாட்டுத்தோல் வேண்டும். நம் ஊரில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்களே, அந்த வகை. பட்டையின் துவர்ப்புப் பொருள் தோல் நார்களின் இடைவெளிகளில் நிறைந்துவிடுகிறது. நனைந்தால் நார்கள் இளகி, அழுத்திய இடத்தில் நெருங்கும். காய்ந்தால் நெருங்கியபடியே நின்றுவிடும். இந்த வேலையில் ஒரு துணுக்குத் தோல்கூடப் பெயர்த்து எடுக்கப்படுவதில்லை. பூவைச் சுற்றியுள்ள இடம் தாழ்வதால்தான் பூ எழுந்து நிற்கிறது.

ஆகவே தண்ணீரின் அளவுதான் கலைஞரின் முதல் கவலை. பஞ்சால் ஈரம் ஏற்றிய தோலில் உடனே கை வைக்கமாட்டார்கள். மேற்பரப்பு தன் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். ஆனால் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும். ஈரம் மிஞ்சினால் அச்சு நிற்காது. குறைந்தால் கத்தி இழுபடும். ஒரு மீட்டருக்கும் மேல் நீளமுள்ள வாரில் ஒரு முனையில் வேலை செய்யும்போதே மறுமுனை காய்ந்துவிடும் என்பதால், மீதியைப் பிளாஸ்டிக் தாளால் மூடிவைக்கிறார்கள்.

பிறகு சுழல்கத்தி. ஆள்காட்டி விரல் மேலிருந்து அழுத்த, கட்டைவிரலும் மற்ற விரல்களும் தண்டைத் திருப்பித் திருப்பிக் கோட்டை வளைக்கும். தோலின் கனத்தில் பாதிக்கு மேல் கத்தி இறங்கக் கூடாது. அடுத்து, கருங்கல் பலகைமேல் வாரை வைத்து, சரிவான முனையுள்ள அச்சுளியைக் கீறலின் வெளிப்பக்கமாக நிறுத்தி, கொட்டாப்புளியால் தட்டிக்கொண்டே மயிரிழை மயிரிழையாக நகர்த்த வேண்டும். ஒரு தட்டு தள்ளி விழுந்தால் சரிவு படிக்கட்டாகிவிடும். இதழின் குழிவுக்கு ஓர் உளி, நரம்புக்கு ஒன்று, மகரந்தப் புள்ளிக்கு ஒன்று, பின்னணியைத் தாழ்த்த இன்னொன்று. அழுந்திய இடம் சாயம் எதுவும் இல்லாமலே பழுப்பேறும். அதைப் பார்த்தே ஈரப்பதம் சரிதான் என்று கண்டுகொள்வார்கள். கடைசியில் மறுபடி சுழல்கத்தியை எடுத்து, இதழ்களிலும் இலைகளிலும் ஆழமாகத் தொடங்கி ஒன்றுமில்லாமல் தேயும் கீறல்களை வரைபடத்தின் துணையின்றிப் போடுகிறார்கள். தேர்ந்த கையைக் காட்டிக்கொடுப்பது இந்தக் கீறல்கள்தான். பிசகினால் அழிக்க வழியில்லை.

வாருக்கென்றே சில தொல்லைகள் உண்டு. ஈரத்தோலைத் தட்டத் தட்ட அது நீளும், ஓரம் கோணும். அதைத் தடுக்கத் தட்டுவதற்கு முன்பே பின்புறம் ஒட்டுநாடா ஒட்டுகிறார்கள். வேலை முடிந்து காய்ந்தபின், பின்பக்கத்தில் மெல்லிய தோல் வைத்துத் தைக்கலாம். வழவழப்பில்லாத மெத்தென்ற தோலே அதற்கு ஏற்றது. கழுத்துப் பக்கம் கனத்துச் சாயும் கிட்டார்களில் வார் தோளில் வழுக்காமல் அது பிடித்துக்கொள்ளும்.

இரு முனைத் துளைகளுக்கும் தனிக் கவனம் வேண்டும். கிட்டாரில் வாரை மாட்டும் குமிழுக்குக் கழுத்து ஒல்லி, தலை பெரிது. துளையைக் கழுத்தளவுக்கே போட்டு, அதிலிருந்து ஒரு சிறு பிளவு கீறிவிடுவார்கள். தலை பிளவை விரித்துக்கொண்டு நுழையும். நுழைந்தபின் தோல் மூடிக்கொள்ளும். புது வாரில் இது கட்டைவிரல் வலிக்கும் அளவுக்கு இறுக்கமாக இருக்கும். லெஸ் பால் போன்ற கனத்த மின்கிட்டார் சுமார் 4 கிலோ எடையோடு தொங்கும் இடம் அது. துளை தளர்ந்த பழைய வாரை, அதில் எத்தனை அழகான ரோஜா இருந்தாலும், முனைத்தோலை மாற்றாமல் மேடைக்குக் கொண்டுபோகக் கூடாது.