வண்டிக்கு இன்சூரன்சு இருக்கிறது! பணம் யாருக்குக் கிடைக்கும்?

2011–ம் ஆண்டு டிசம்பர் 30–ந் தேதி.

"தானே" புயல் கடலூரைத் தாக்கியது. காற்று அடங்கிய பிறகு கதவைத் திறந்தவர்கள் திகைத்துப் போனார்கள். எங்கு பார்த்தாலும் மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன.

மரத்தடியில் நிறுத்திய கார் நசுங்கினால் கம்பெனி பணம் தருமா?

எந்த பாலிசி என்பதைப் பொறுத்தது அது!

யார் அந்த மூன்றாவது ஆள்?

சட்டம் கட்டாயம் என்று சொல்வது "தேர்டு பார்ட்டி" இன்சூரன்சு. அதாவது, மூன்றாவது ஆளுக்கானது. வண்டிக்காரர் முதல் ஆள். கம்பெனி இரண்டாவது ஆள். சாலையில் அடிபடுகிறவர் மூன்றாவது ஆள்.

வெள்ளைக்காரர் காலத்தில், 1939–ல் வந்த சட்டம் இதற்கு வழி செய்தது. 1946–ல் கட்டாயம் ஆயிற்று. இப்போது இருப்பது 1988–ம் ஆண்டு சட்டம். இன்சூரன்சு இல்லாமல் ஓட்டினால் ரூ.2 ஆயிரம் அபராதம். 3 மாதம் வரை ஜெயிலும் கிடைக்கலாம். மறுபடியும் பிடிபட்டால் அபராதம் ரூ.4 ஆயிரம்.

அபராதம் கிடக்கட்டும். முதுநகரில் இருந்து சிதம்பரம் போகிற வழியில் கார் மோதி ஒருவர் இறந்து விட்டால்? அவருடைய வயது, சம்பாத்தியம், அவரை நம்பி இருந்தவர்கள் எத்தனை பேர் என்று பார்த்து, தீர்ப்பாயம் நஷ்ட ஈடு சொல்லும். பல லட்சம் ஆகலாம். பாலிசி இருந்தால் கம்பெனி கட்டும். இல்லாவிட்டால் வீட்டை விற்க வேண்டியதுதான்!

ஆனால், புயலில் நசுங்கிய காருக்கு இந்த பாலிசியில் ஒரு காசு கூட வராது. அதற்கு முழு பாலிசி வேண்டும். புயல், வெள்ளம், தீ, திருட்டு எல்லாம் அதில் அடங்கும்.

பிரிமியத்தைக் குறைக்க வண்டியின் மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்கிறவர்கள் உண்டு. வண்டி திருடு போனால் அந்தக் குறைந்த தொகைதான் கைக்கு வரும்.

வெள்ளத்தில் நின்ற காரை உடனே "ஸ்டார்ட்" செய்து பார்ப்பது நம் ஆட்களின் வழக்கம். செய்யாதீர்கள்! எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் உடைந்து போகும். "உங்கள் தவறு" என்று கம்பெனி கையை விரித்து விடும். எஞ்சினுக்குத் தனியாகக் கூடுதல் காப்பு எடுக்கலாம். கடலோரத்துக்காரர்களுக்கு அது வீண் செலவு அல்ல.

மீன் வண்டியில் ஏறலாமா?

முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏற்றிய மினி லாரி புறப்படுகிறது.

"அண்ணே, நானும் வாரேன்!"

ஒருவர் ஏறிக் கொள்கிறார். வழியில் வண்டி கவிழ்ந்தால்?

மீனின் சொந்தக்காரர் கூடவே போனால் அவருக்குச் சட்டப்படி பாதுகாப்பு உண்டு. சும்மா ஏறியவருக்குக் கிடையாது! 2002–ல் சுப்ரீம் கோர்ட்டு இதைத் திட்டவட்டமாகச் சொல்லி விட்டது. சில வழக்குகளில், கம்பெனி முதலில் பணம் கட்டி, பிறகு வண்டிக்காரரிடம் வசூல் செய்து கொள்ளும்படி கோர்ட்டு சொல்வது உண்டு. கடைசியில் சுமை வண்டிக்காரர் தலையில்தான்!

இன்னொன்று. லைசென்சு உள்ள சொந்தக்காரர் தானே ஓட்டிச் சென்று விபத்தில் இறந்தால், குடும்பத்துக்கு ரூ.15 லட்சம் கிடைக்கும் விபத்துக் காப்பு இருக்கிறது. அதற்குத் தனியாகப் பிரிமியம் கட்டி இருக்க வேண்டும். பாலிசியில் "நாமினி" என்ற இடத்தில் மனைவி பெயர் இருக்கிறதா? பாலிசி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியுமா?