கண்ணாடி போடுவதற்கு முன்

தோட்டத்து லயங்களில் கண்ணாடி போட்ட படம் என்றால் ஒரு காலத்தில் மூன்றே வகைதான். சாமி படம், கல்யாணப் படம், காலமானவர் படம். சில வீடுகளில் நான்காவதாக நேதாஜி இருப்பார்.

இன்று ஜாசின், அலோர்காஜா வட்டாரத் தோட்டங்களை விட்டுத் தாமான்களுக்கு வந்துவிட்ட பிள்ளைகள் பிரேம் கடைக்கு வேறு பொருள்களைக் கொண்டு போகிறார்கள். தாத்தாவின் பால்வெட்டும் கத்தி, பாட்டியின் கூறைச் சேலையில் ஒரு துண்டு, ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டு, ரஜூலா கப்பலில் வந்து இறங்கியபோது எடுத்த படம். 1896-இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டதோடு நாட்டின் ரப்பர்த் தோட்ட வரலாறே இந்த மாநிலத்தில்தான் தொடங்கியது. அதற்கு மலாக்காத் தமிழர் வீட்டில் மிஞ்சியிருக்கும் சாட்சி பல நேரம் ஒரு தகரப் பெட்டி மட்டும்தான்.

அந்தப் பெட்டியில் எதற்குக் கண்ணாடி போடலாம், எதற்குப் போடக்கூடாது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

முதலில் காகிதங்கள். பிறப்புப் பத்திரம், பழைய சிவப்பு அடையாளக் கார்டு, தோட்டத்துப் பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றின் அசலைச் சுவரில் மாட்டவே வேண்டாம். குடியுரிமை மனுவுக்கு அலையும் குடும்பம் நம்மில் இன்னும் உண்டு. பதிவிலாகா முகப்பில் அசலைக் கேட்கும் நாளில், பசை போட்டு அட்டையில் ஒட்டிய காகிதத்தை எப்படி உரித்தெடுப்பது? கலர் நகல் எடுத்து அதற்குக் கண்ணாடி போடுங்கள். சுவரில் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம் கிடைத்தால் இன்னும் கவனம். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960-இல், துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய சங்கம் அது. பாட்டாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கினார்கள். அது வெறும் நினைவுப் பொருள் அல்ல, சொத்து. பங்கு இப்போது யார் பெயரில் இருக்கிறது, வாரிசு பதிவாகியிருக்கிறதா என்று சங்கத்தில் விசாரித்த பிறகு பிரேம் கடைக்குப் போகலாம்.

லேமினேட் செய்வது நம்மவர்களுக்குப் பிடித்த வழி. எனக்குப் பிடிக்காது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. இளம் தம்பதிகளுக்கு ஒரு வார்த்தை: குழந்தையின் ஸ்கேன் படம் சூட்டில் கறுக்கும் தாளில் அச்சானது. லேமினேட் இயந்திரத்துக்குள் விட்டால் முழுக்கக் கறுத்துவிடும், வெளிச்சத்தில் மாட்டினால் வெளுத்துவிடும். அதையும் நகல் எடுத்துத்தான் மாட்ட வேண்டும்.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு நம் ஊர் ஈரக்காற்றுதான் எதிரி. படத்தின் மேல் ஜெலட்டின் பூச்சு உண்டு. ஈரம் பட்டால் அது இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே இடைவெளி வேண்டும். ஓரம் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டை அழகுக்கு மட்டுமல்ல, அந்த இடைவெளிக்காகவும்தான். கடையில் அமிலம் இல்லாத அட்டை கேளுங்கள், சற்று விலை கூடும். சாதாரண அட்டையும் பின்னால் வைக்கும் மரப்பலகையும் சில ஆண்டுகளில் படத்தைப் பழுப்பாக்கிவிடும். செலோடேப் வேண்டவே வேண்டாம், நான்கு மூலையிலும் காகித மூலை போட்டால் போதும். ஏற்கெனவே கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படமா? இழுக்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்துவிட்டு அப்படியே விடுங்கள்.

சேலைத் துண்டையும் ஒட்டக்கூடாது. பருத்தித் துணி போர்த்திய அட்டையில் பருத்தி நூலால் அங்கங்கே தைக்கச் சொல்லுங்கள். ஜரிகையை மடித்த மடிப்பிலேயே வைத்தால் அங்கேயே அறுந்துவிடும். கத்தி, மங்கு போன்றவற்றுக்குப் பெட்டிபோல ஆழமுள்ள சட்டம் வேண்டும். பளபளப்பாக்கும் ஆசையில் கைப்பிடியைத் தேய்த்துவிடாதீர்கள். நாற்பது வருடம் தாத்தாவின் கை பட்டுப் பட்டு வழவழப்பானது அது. அதைப் பார்க்கத்தானே மாட்டுகிறோம்?

மாட்டும் சுவரும் முக்கியம். வெயில் நேராக விழும் சுவரும் குளியலறையை ஒட்டிய சுவரும் ஆகாது. சாமி மேடைக்கு மேலே வைத்தால் சாம்பிராணிப் புகை படியும். கரையானுக்குப் பயந்தால் சட்டத்தைச் சுவரோடு ஒட்டாமல் கொஞ்சம் விலக்கி மாட்டுங்கள், காற்றும் போகும்.

கடைசியாக ஒரு வேலை. பிரட்டுக்களத்தில் எடுத்த கூட்டப் படம் இருந்தால், கடைக்குப் போகும் முன் வீட்டுப் பெரியவரிடம் காட்டுங்கள். இரண்டாவது வரிசையில் இடமிருந்து மூன்றாவது யார், கங்காணி எவர், தூக்கி வைத்திருக்கும் குழந்தை எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்டு, ஒரு தாளில் பென்சிலால் எழுதிச் சட்டத்தின் பின்பக்க உறையில் போடுங்கள். பிரேம் அடுத்த மாதம்கூடப் போடலாம். பெயர்களை இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.